ஸ்மாஷ் அடிப்பது கையா, காலா?

வாலிபால் ஆட்டம் பார்த்திருப்பீர்கள். செட்டர் பந்தை வலைக்கு மேலே உயர்த்திக் கொடுக்கிறார். பின்னாலிருந்து ஒருவர் ஓடி வந்து எம்பிக் குதிக்கிறார். 'பட்' என்று ஒரு சத்தம்! பந்து எதிரணியின் தரையில் மோதி எகிறுகிறது. சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். இதைத்தான் நம் ஊரில் ஸ்மாஷ் என்கிறோம். பயிற்சியாளர்கள் ஸ்பைக் என்பார்கள்.

இப்போது ஒரு கேள்வி. அந்தப் பந்தை அடித்தது எது?

"இது என்ன கேள்வி? கைதானே!" என்பீர்கள். பந்தைத் தொட்டது கைதான். ஆனால், அந்த அடிக்கு வேகம் கொடுத்தது கை மட்டும் அல்ல. கணுக்கால், முழங்கால், இடுப்பு, வயிறு, முதுகு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று எல்லாமே வரிசையாக வேலை செய்திருக்கின்றன. அந்த வரிசையில் கை கடைசி ஆள்!

நான் ஆசிரியராக இருந்த நாட்களில் மைதானத்தில் மாணவர்கள் அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறேன். "சார், எனக்குக் கையில பலம் இல்ல. அதான் பந்து போக மாட்டேங்குது." அவர்களில் பலருக்குக் கையில் ஒரு குறையும் இருக்காது. கால்தான் சும்மா இருக்கும்! இது தெரியாமல் கையை மட்டும் போட்டு வீசி வீசித் தோள் வலியைத் தேடிக்கொள்கிறவர்கள் உண்டு. வலிக்குப் பயந்து ஆட்டத்தையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நீங்கள் அப்படி ஆகக் கூடாது. ஆகவே, ஒரு ஸ்மாஷுக்குள் நம் உடம்பு என்னென்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம், வாருங்கள்.

செய்து பாருங்கள்: மூன்று வீச்சு

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரு பழைய டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு திறந்த வெளிக்குப் போங்கள். எதிரில் ஆள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பந்தை எறியுங்கள். விழுந்த இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். அடுத்து, எழுந்து நின்று, காலை அசைக்காமல் எறியுங்கள். இன்னொரு கல். மூன்றாவதாக, ஓரடி முன்னால் எடுத்து வைத்து, உடம்பைத் திருப்பி எறியுங்கள். மூன்றாவது கல்.

மூன்று முறையும் எறிந்தது ஒரே கைதான். ஆனால், மூன்று கற்களும் ஒரே இடத்திலா இருக்கின்றன? காலும் இடுப்பும் எவ்வளவு உதவி செய்தன என்பதை அந்தக் கற்களே சொல்லும்.

ஸ்மாஷ் வந்த கதை

வாலிபாலை உருவாக்கியவர் வில்லியம் ஜி. மார்கன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்ற ஊரில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். கூடைப்பந்து ஆடினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்ன நடுத்தர வயதுக்காரர்களுக்காக, 1895-ல் இந்த ஆட்டத்தை அவர் அமைத்தார். அப்போது வலையின் உயரம் 6 அடி 6 அங்குலம்தான். பந்தைத் தட்டித் தட்டி அந்தப் பக்கம் அனுப்பினால் போதும். மென்மையான ஆட்டம்!

பிறகு, 1916-ஆம் ஆண்டு வாக்கில், பிலிப்பைன்ஸ் நாட்டு ஆட்டக்காரர்கள் ஒரு புதுமை செய்தார்கள். ஒருவர் பந்தை உயர்த்திக் கொடுக்க, இன்னொருவர் குதித்து ஓங்கி அடித்தார். அன்றோடு ஆட்டத்தின் முகமே மாறிப்போனது. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வாலிபாலும் இடம்பெற்றது.

இன்று ஆண்களுக்கான வலையின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். உங்கள் வீட்டு வாசல் கதவு அநேகமாக இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டித்தான் இருக்கும். அதைவிட உயரமான வலைக்கு மேலே எழும்பி, 260 முதல் 280 கிராம் எடையுள்ள ஒரு பந்தைக் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். உலகத்தரம் வாய்ந்த ஆட்டக்காரர்கள் அடிக்கும் பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. இந்த வேகம் எங்கிருந்து வருகிறது?

தசைக்குத் தள்ளத் தெரியாது!

அதற்கு முன் தசையைப் பற்றி ஓர் அடிப்படை உண்மை. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. சுருங்கும்போது எலும்பை இழுக்கும். அவ்வளவுதான். அப்படியானால், மடக்கிய கையை நீட்டுவது எப்படி? அதற்கு எதிர்ப்பக்கம் வேறொரு தசை இருக்கிறது.

இடது கையால் வலது மேற்கையைப் பிடித்துக்கொண்டு, வலது முழங்கையை இறுக்கி மடக்குங்கள். முன்பக்கம் உருண்டையாகக் கெட்டிப்படுகிறதே, அது இருதலைத் தசை. இப்போது மேசையை உள்ளங்கையால் அழுத்துங்கள். பின்பக்கம் கெட்டிப்படுவது முத்தலைத் தசை. ஒன்று மடக்கும், மற்றொன்று நீட்டும். தசைகள் பெரும்பாலும் இப்படி ஜோடியாகவே வேலை செய்கின்றன.

தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான கயிற்றுக்குத் தசைநாண் என்று பெயர். எலும்பும் எலும்பும் சேரும் இடம் மூட்டு. கதவுக் கீல்போல ஒரே பக்கமாக மடங்குவது கீல் மூட்டு. முழங்கையும் முழங்காலும் அந்த வகை. ஒரு கிண்ணத்துக்குள் பந்து உருள்வதுபோல எல்லாப் பக்கமும் அசைவது பந்துக் கிண்ண மூட்டு. தோளும் இடுப்பும் அந்த வகை.

இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்டக்காரர் ஓடி வரப்போகிறார்!

இடது, வலது, இடது

வலது கையால் அடிப்பவர் பெரும்பாலும் இடது, வலது, இடது என்று மூன்று அடி எடுத்து வைத்து எழும்புவார். முதல் அடி நிதானமாக, கடைசி இரண்டும் 'டக்டக்' என்று வேகமாக இருக்கும். அப்போது இரண்டு கைகளும் பின்னால் போகும், முழங்கால் மடங்கும், உடல் தாழும்.

தாழ்ந்த அந்த நொடியில் தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் ரப்பர் பட்டைபோல இழுபடுகின்றன. உடனே எழும்பினால், இழுபட்ட பட்டை 'விருட்' என்று சுருங்குவதுபோலக் கூடுதல் விசை கிடைக்கும். தாழ்ந்த நிலையிலேயே மூன்று விநாடி உட்கார்ந்திருந்து பிறகு குதித்துப் பாருங்கள். அந்த விசையில் பெரும்பகுதி வீணாகிவிடும். குதிக்கும் உயரம் குறைவதை நீங்களே காண்பீர்கள்.

இப்போது இடுப்பு நிமிர்கிறது. அதற்கு உழைப்பது பிட்டத் தசை. நம் உடம்பில் உள்ள தசைகளிலேயே பெரியது இதுதான்! அதோடு முழங்கால் நீள்கிறது. தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள் கூட்டாக இருந்து இதைச் செய்கின்றன. அவற்றின் நாண், முழங்கால் சில்லைத் தாண்டிப் போய்க் கீழ்க்கால் எலும்பைப் பிடித்திருக்கிறது. கிணற்றுக் கப்பி கயிற்றுக்கு உதவுவதுபோல, இந்தச் சில்லு அந்த நாணுக்கு உதவுகிறது.

கடைசியாகக் கணுக்கால். கெண்டைக்கால் தசை குதிகாலை மேலே இழுக்கிறது; கால் விரல்கள் தரையை உந்துகின்றன. உங்கள் குதிகாலுக்குச் சற்று மேலே பின்பக்கம் தொட்டுப் பாருங்கள். கயிறுபோல விறைப்பாக ஒன்று தட்டுப்படும். அதுதான் குதிகால் நாண். உடம்பிலேயே தடிமனான, வலுவான நாண் அது.

பின்னால் போன கைகளும் இந்த நேரத்தில் முன்னால் வீசி மேலே உயர்ந்து, உடம்பையும் கூடவே தூக்கிவிடுகின்றன. சுவரோரம் நின்று இதைச் சோதிக்கலாம். ஈர விரலால் சுவரைத் தொட்டுக் குதியுங்கள். ஒரு முறை கையை முதலிலேயே உயர்த்தி வைத்துக்கொண்டு; இன்னொரு முறை இரு கைகளையும் வீசிக்கொண்டு. எந்த ஈரத்தடம் மேலே இருக்கிறது?

காற்றில் நின்ற வீரர்

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் பேராவூர் என்று ஓர் ஊர். அங்கே 1955-ல் பிறந்தவர் ஜிம்மி ஜார்ஜ். நம் நாடு கண்ட மிகச் சிறந்த ஸ்மாஷ் ஆட்டக்காரர்களில் ஒருவர். 1976-ல் அர்ஜுனா விருது பெற்றார். இத்தாலி நாட்டுக் குழுக்களுக்காகவும் ஆடினார். 1986-ல் சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் அவரும் இருந்தார். அடுத்த ஆண்டே, இத்தாலியில் நடந்த கார் விபத்தில் 32 வயதில் இறந்துபோனார். திருவனந்தபுரத்தில் உள்ள உள்விளையாட்டு அரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

'ஜிம்மி குதித்தால் காற்றிலேயே கொஞ்ச நேரம் நிற்பார்' என்று பார்த்தவர்கள் வியந்து சொல்வார்கள். யாராவது காற்றில் நிற்க முடியுமா? முடியாது. ஆனால், நிற்பதுபோலத் தோன்றும்! காரணம் இருக்கிறது.

மேலே எறிந்த பந்தைக் கவனியுங்கள். உயரப் போகப் போக வேகம் குறைகிறது. உச்சியில் ஒரு கணம் வேகமே இல்லை. பிறகு மெதுவாக இறங்கத் தொடங்குகிறது. குதிக்கும் மனிதரும் அப்படித்தான். ஒருவர் காற்றில் இருக்கும் மொத்த நேரத்தில் பாதி நேரம், அவர் எழும்பும் உயரத்தின் மேல் கால் பங்கிலேயே கழிந்துவிடுகிறது. நன்றாக உயரம் குதிப்பவருக்கு அந்த நேரம் இன்னும் அதிகம். அந்த நேரத்துக்குள்தான் ஸ்மாஷ் அடிப்பவர் பந்தையும் எதிரணியின் கைகளையும் பார்த்து, எங்கே அடிப்பது என்று முடிவு செய்கிறார். ஆக, அந்த நேரத்தை வாங்கிக் கொடுத்ததும் கால்தான்!

வில்லாகும் உடம்பு

உச்சியில் ஆட்டக்காரரின் உடம்பைப் பக்கவாட்டில் பார்த்தால், நாண் ஏற்றிய வில் போலப் பின்னால் வளைந்திருக்கும். முதுகெலும்பில் அசையக்கூடிய 24 முள்ளெலும்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து இந்த வளைவைத் தருகின்றன. வலது தோள் பின்னால் திரும்பியிருக்கும். வலது முழங்கை மடங்கி, காதுக்கு மேலே உயர்ந்திருக்கும். இடது கை பந்தைச் சுட்டிக்காட்டும்.

இப்போது இடது கை கீழே இறங்குகிறது. வயிற்றின் முன்தசைகளும் பக்கத் தசைகளும் சுருங்கி, வளைந்த உடம்பை முன்னால் இழுத்துத் திருப்புகின்றன. முதலில் இடுப்பு திரும்பும், பிறகு மார்பு, பிறகு தோள். எல்லாம் ஒரே நேரத்தில் அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக!

ஓடும் பேருந்து திடீரென நின்றால், நின்றுகொண்டு வருபவர்கள் முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? அதுபோல, முன்னால் திரும்பிய இடுப்பு வேகம் குறைந்ததும் மார்பு பாய்கிறது. மார்பு வேகம் குறைந்ததும் கை பாய்கிறது. வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பிடித்திருக்கும் கைப்பிடி கொஞ்சம்தான் அசையும். நுனி மட்டும் 'சுளீர்' என்று பறக்கும். ஸ்மாஷில் உடம்பு கைப்பிடி, உள்ளங்கை நுனி.

குழவியும் எலுமிச்சம்பழமும்

தோளில் என்ன நடக்கிறது? மார்புத் தசையும் முதுகின் பெரிய தசையும் மேற்கை எலும்பை முன்னால் இழுத்துச் சுழற்றுகின்றன. முத்தலைத் தசை முழங்கையை நீட்டுகிறது. முன்கைத் தசைகள் மணிக்கட்டை முன்னால் மடக்க, விரித்த உள்ளங்கை பந்தின் மேல்பகுதியை மூடியபடி அடிக்கிறது. அதனால் பந்து முன்னோக்கிச் சுழன்றுகொண்டே போய்ச் 'சட்'டென்று கீழே இறங்குகிறது.

இங்கே ஒரு வேடிக்கை. உங்கள் விரல்களுக்குள் தசையே கிடையாது தெரியுமா? முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பாருங்கள். அசைவு முன்கையில் தெரியும். விரல்களை ஆட்டிவைக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருந்துகொண்டு, நாண் வழியாகப் பொம்மலாட்டம் நடத்துகின்றன!

இடுப்பும் தோளும் ஒரே வகை மூட்டு என்றேன். ஆனால், ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஆட்டுக்கல்லின் குழியில் குழவி ஆழமாக உட்கார்ந்திருக்கும். எளிதில் வெளியே வராது. இடுப்பு மூட்டு அப்படி. தோளோ, ஒரு சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் போல. குழி ஆழமே இல்லை. அதனால்தான் தோளை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. உடம்பிலேயே மிக அதிகமாக அசையும் மூட்டு அதுதான். அதே காரணத்தால் எளிதில் அடிபடும் மூட்டும் அதுதான்.

அந்த எலுமிச்சம்பழம் உருண்டு விழாமல் நான்கு சிறிய தசைகள் சுற்றி நின்று பிடித்துக்கொள்கின்றன. பந்தை அடித்தபின் வேகமாகப் போகும் கைக்குப் பிரேக் போடுவதிலும் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. காலும் இடுப்பும் சும்மா இருக்க, கை மட்டும் தனியாக வீசினால், தோளின் சுமை அத்தனையும் ஏறிவிடும். நாளெல்லாம் இப்படி அடித்தால் அந்தச் சின்னத் தசைகள் என்ன ஆகும்? களைத்துப்போகும், வீங்கும், வலிக்கும்.

அடித்தால் போதாது, இறங்கவும் வேண்டும்!

பந்து போய்விட்டது. எல்லோரும் பந்தைப் பார்க்கிறார்கள். ஆனால், ஆட்டக்காரர் இன்னும் காற்றில்தான் இருக்கிறார்! தரையில் இறங்கும்போது அவருடைய உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை கால்களைத் தாக்கும்.

கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றை ஒரேயடியாக விட்டுவிடுவீர்களா? இழுத்துப் பிடித்துக்கொண்டே மெதுவாக விடுவீர்கள். தொடைத் தசையும் இறங்கும்போது அதையே செய்கிறது. இழுத்துப் பிடித்துக்கொண்டே நீள்கிறது. அதற்கு முழங்கால் மடங்க வேண்டும். காலை விறைப்பாக வைத்துக்கொண்டு இறங்கினால் அதிர்ச்சி முழுவதும் எலும்பிலும் மூட்டிலும் இறங்கும். ஒற்றைக் காலில் இறங்கினால் இரண்டு கால்கள் தாங்க வேண்டியதை ஒரு காலே தாங்கும்.

சரியான முறை இதுதான்: இரண்டு கால்களிலும், முதலில் முன்பாதம், பிறகு குதிகால், கூடவே முழங்காலும் இடுப்பும் மடங்க, சத்தமில்லாமல் இறங்க வேண்டும். 'தொம்' என்று சத்தம் கேட்டால், தசை செய்ய வேண்டிய வேலையை மூட்டு செய்கிறது என்று பொருள்.

வளரும் எலும்பு மென்மையானது

இது பெரியவர்களைவிட உங்களுக்குத்தான் மிக முக்கியம். ஏன் தெரியுமா? நீங்கள் வளர்ந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே, குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு என்ற பகுதி உள்ளது. எலும்பு நீளமாவது அங்கேதான். அது கெட்டி எலும்பைவிட மென்மையானது.

முழங்கால் சில்லுக்குக் கொஞ்சம் கீழே ஒரு சிறு மேடு இருக்கும். தொட்டுப் பாருங்கள். தொடைத் தசையின் நாண் வந்து முடியும் இடம் அது. வளரும் வயதில் அங்கேயும் ஒரு வளர்ச்சித் தட்டு உண்டு. அளவுக்கு மீறிக் குதித்தால், நாண் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துப் புண்ணாக்கிவிடும். மேடு வீங்கி வலிக்கும். சுமார் 10 முதல் 15 வயது வரை, ஓடிக் குதித்து ஆடும் பிள்ளைகளுக்கு இது வருவதுண்டு. இதை 1903-ல் விளக்கிய இரண்டு மருத்துவர்களின் பெயரால் 'ஆஸ்குட்-ஷ்லாட்டர்' என்கிறார்கள். பயப்பட வேண்டாம். ஓய்வு கொடுத்தால் குறையும்; வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஆனால், ஓய்வு கொடுக்க வேண்டுமே!

இங்குதான் பிள்ளைகள் ஒரு தவறு செய்கிறார்கள். 'சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள்' என்று பயந்து, வலியை மறைத்து ஆடுகிறார்கள். ஒரு வாரம் ஓய்வெடுத்தால் சரியாகக்கூடிய வலி, மறைத்தால் மாதக்கணக்கில் நீளும். தோளோ முழங்காலோ தொடர்ந்து வலித்தால், பெற்றோரிடமும் உடற்கல்வி ஆசிரியரிடமும் சொல்லுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். வலியைச் சொல்வது கோழைத்தனம் அல்ல. பல ஆண்டுகள் ஆட விரும்புகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

நினைவில் வையுங்கள்

* ஆடும் முன் பத்து நிமிடம் மெதுவாக ஓடி, கை, கால் மூட்டுகளை அசைத்து உடம்பைச் சூடாக்குங்கள்.

* உங்கள் உயரத்துக்கு ஏற்றபடி வலையைத் தாழ்த்திக் கட்டுங்கள். பெரியவர்களின் வலை உங்களுக்கு இப்போது வேண்டாம்.

* பந்து இல்லாமல் மூன்று அடி ஓட்டத்தையும் கைவீச்சையும் பழகுங்கள். முதலில் கால் கற்றுக்கொள்ளட்டும். கை தானாக வரும்.

* ஒரே நாளில் நூறு ஸ்மாஷ் அடிக்க ஆசைப்படாதீர்கள். தோள் களைத்ததும் நிறுத்துங்கள்.

* எத்தனை முறை குதிக்கிறீர்களோ, அத்தனை முறையும் சத்தமில்லாமல் இறங்குங்கள்.

சரி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்வீர்கள்தானே? அடுத்த முறை வாலிபால் ஆட்டம் பார்க்கும்போது, செட்டர் பந்தை உயர்த்தியதும் எல்லோரும் பந்தையே பார்ப்பார்கள். நீங்கள் மட்டும் ஓடி வருபவரின் கால்களைப் பாருங்கள். அடி எப்படி விழும் என்று கை ஓங்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்!